மீரான் வைத்த தேதி

அத்தியாயம் 6

"பலாப்பழம் விழுந்துச்சாம் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர் கோபாலசுப்பிரமணியன். சிரிக்காமல் சொல்லிவிடலாம் என்று பார்த்து, பாதியிலேயே தோற்றார். "மட்கார்டு மேல பலாப்பழம். ஆறு நாளா இதையே சொல்லுதான். வேற ஏதாவது சொல்லித் தொலையேம்லேன்னு நானே கேட்டுப் பார்த்துட்டேன். மாத்த மாட்டேங்கான்."

ஜயலக்ஷ்மி காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் நின்ற பழைய பச்சை ஜீப்பின் இடது மட்கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியோடு பிறந்த தகர மட்கார்டு துருவேறி உதிர்ந்தபின் பைபரில் வார்த்து மாட்டியது அது. தகரத்துக்கு இருக்கும் பொறுமை பைபருக்குக் கிடையாது. தகரம் அடி வாங்கினால் நசுங்கிக்கொண்டு சும்மா இருக்கும். பைபர் விரிசல் விட்டு, சில்லு சில்லாகத் தெறித்து, ஊரைக் கூட்டும். இதுவும் அப்படித் தெறித்திருந்தது. தெறித்த இடத்தில் யாரோ பட்டியை அப்பி மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஜீப் பட்டாளத்துப் பச்சை. ஒட்டு கிளிப்பச்சை.

"இதை ஒட்டினது யாரு?"

"நான்தான் மேடம்," என்றான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷமீம். ஜீப் அவனுடையது.

"இனிமே எதையும் ஒட்டாதே. ஆளை மோதினா ஜாமீன் கிடைக்கும். இதுக்குக் கிடைக்காது."

ஜயலக்ஷ்மி முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். ஓய்வு பெற்றபின் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். தாமிரபரணி வெள்ளத்தில் மூழ்கியதாகச் சொன்ன லாரியின் ரேடியேட்டருக்குள்ளிருந்து ஒரு சாளை மீனை எடுத்து மேசைமேல் வைத்து, "இது ஆத்து மீன் இல்லையே அண்ணாச்சி, உவரிக் கடற்கரைக்குப் போய் யார் வாங்கிட்டு வந்தது?" என்று கேட்டவர். மீன் அப்போதும் உயிரோடு இருந்தது என்று அவருடைய உதவியாளன் கிங்ஸ்டன் சொல்லித் திரிகிறான். அவர் அதை மறுத்ததில்லை.

கிங்ஸ்டன் பாளையங்கோட்டைக்காரன். எடை ஐம்பத்தெட்டு கிலோ. வாயைத் தனியாக நிறுத்தால் அதில் இருபது தேறும்.

"பலாப்பழம் விழுந்ததுக்குச் சாட்சி உண்டாடே?" என்று ஷமீமைக் கேட்டான்.

"குரங்கு இருந்துச்சு அண்ணன். அதுதான் பறிச்சுப் போட்டுச்சு. காரையாறு ரோட்டுல மரத்தடியில நிறுத்தியிருந்தேன்."

இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் விரித்து, பார்த்தீர்களா என்பதுபோல் ஜயலக்ஷ்மியைப் பார்த்தார்.

"அவன் சொல்றது நிஜம்," என்றார் ஜயலக்ஷ்மி. "பொய் சொல்றவன் எருமை குறுக்கே வந்ததும்பான். லாரிக்காரன் ஒதுக்கிட்டாம்பான். முப்பது வருஷத்துல குரங்கு பலாப்பழம் போட்டுதுன்னு ஒருத்தனும் எழுதிக் குடுத்ததில்லை. இந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லவே வரலை."

"அதைக் கோர்ட்டுல சொல்ல முடியாதுல்லா மேடம்."

விஷயம் இவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி விடியற்காலையில், இசக்கிப்பாண்டி என்ற மில் தொழிலாளி ஷிப்ட் முடிந்து விக்கிரமசிங்கபுரம் ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த ஜீப் ஒன்று அவரைத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஜீப், பச்சை என்ற இரண்டு சொல்லுக்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. ரோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை பைபர் சில்லு கிடந்தது. பச்சை பைபர் மட்கார்டு போட்ட பழைய ஜீப் அந்த வட்டாரத்தில் இரண்டே இரண்டு. ஒன்று, வாழைத்தார் ஏற்றும் ஷமீமுடையது. மற்றது, அம்பாசமுத்திரத்துக்கு வெளியே ரிசார்ட் நடத்தும் ஹரிநாராயணனுடையது. போலீஸ் தேடிப் போனபோது இரண்டு வண்டியிலும் இடது மட்கார்டு புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. சில்லைப் பொருத்திப் பார்க்க இரண்டிலுமே ஓட்டை மிச்சமில்லை.

"அப்ப ஹரிநாராயணனை ஏன் விட்டீங்க?"

"அவரு வண்டில மீரான் தேதி இருக்கு மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். சாமி பெயரைச் சொல்வதுபோல் குரல் தணிந்தது. "பன்னெண்டாம் தேதி, வியாழன். மோதுனது வெள்ளி. முந்தின நாளே ஒட்டி முடிச்ச மட்கார்டு மறுநாள் எப்படிச் சில்லைப் போடும்?"

அகமது மீரான் அந்தப் பக்கத்தில் பைபர் வேலை தெரிந்த ஒரே ஆள். உடைந்த இடத்தைத் தேய்த்து, மேட் என்கிற பைபர் நார்ப் பாயை அடுக்கடுக்காக வைத்து, பிசின் மாதிரியான ரெசினை ஊற்றும்போது, அன்றைய காலண்டர் தாளையும் நடுவில் வைத்து ஒட்டிவிடுவார். ரெசின் இறுகியபின் தேதி கண்ணாடிக்குள் மாட்டிய பூச்சி மாதிரி கிடக்கும். ஒரு வருடத்துக்குள் விரிசல் விட்டால் சும்மா ஒட்டித் தருவார். இரண்டு வருடம் கழித்து வந்து, போன மாசம்தானே ஒட்டினீங்க என்கிறவனை மட்கார்டுக்கு அடியில் குனிய வைத்து, வாய்விட்டுத் தேதியை வாசிக்கச் சொல்வார். பத்திர ஆபீஸ் முத்திரையைச் சந்தேகப்படுகிறவர்கள் அந்த ஊரில் உண்டு. மீரான் தேதியைச் சந்தேகப்பட்டவர் இல்லை.

"நீங்க அந்தத் தேதியைக் கண்ணால பார்த்தீங்களா?"

"போட்டோ பார்த்தேன்."

"போட்டோ எடுத்தது யாரு?"

"ஹரி சாரே எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாரு. நாம வெயில்ல அலையக் கூடாதுன்னு. நல்ல மனுசன்."

ஜயலக்ஷ்மி அவரை ஏற இறங்கப் பார்த்தார். உயிருள்ள சாளை மீனைக்கூட அவர் இவ்வளவு பரிதாபமாகப் பார்த்திருக்க மாட்டார்.

ஷமீமின் தங்கை தஸ்லிமா அருகில் வந்தாள். ஜயலக்ஷ்மியைத் தேடி ஜங்ஷனுக்கு வந்தவள் அவள்தான். "திங்கக்கிழமை அண்ணனுக்குத் திருவனந்தபுரத்துல பிளைட் மேடம். மூணு வருசமா இன்டர்வியூ, மெடிக்கல்னு அலைஞ்சு இப்பத்தான் கத்தார்ல வேலை கெடச்சிருக்கு. பாஸ்போர்ட் சார் மேசைக்குள்ள இருக்கு. அஞ்சு மணிக்குப் பேப்பரைக் கோர்ட்டுக்கு அனுப்பிருவேங்காவ. போச்சுன்னா அண்ணன் பேருல கேசு. அதுக்கப்புறம் எந்த நாட்டுக்காரன் எடுப்பான்?"

மணி ஒன்றேகால்.

"அஞ்சு மணி வரைக்கும் பேப்பர் மேசையிலேயே இருக்கட்டும்," என்றார் ஜயலக்ஷ்மி இன்ஸ்பெக்டரிடம். "நீங்க அலைய வேண்டாம். நாங்க வெயில்ல போறோம்."

*

மீரானின் ஷெட் பாபநாசம் ரோட்டோரத்தில் வாழைத் தோப்பை ஒட்டி இருந்தது. ரெசின் வாடை ஒரு பர்லாங்குக்கு முன்னாலேயே வந்து மூக்கைப் பிடித்து உள்ளே கூட்டிப் போயிற்று. வாசலில் கல்யாண மண்டபத்துக்குச் செய்த பைபர் யானைத் தலை ஒன்று தும்பிக்கையைத் தூக்கி நின்றது. பக்கத்தில் எட்டு குளியலறைக் கதவுகள். மீரான் ஒன்பதாவது கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அறுபது தாண்டிய மெலிந்த மனிதர். பைபர் தூள் படிந்து தாடியும் புருவமும் ஒரே வெள்ளை.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய்," என்றான் கிங்ஸ்டன். "யானைக்கு உடம்பு எப்ப வரும்?"

"உடம்புக்கு ஆர்டர் இல்ல," என்றார் மீரான். தலை நிமிரவில்லை.

ஜயலக்ஷ்மி நேராக விஷயத்துக்கு வந்தார். "ஹரிநாராயணன் ஜீப் மட்கார்டை எப்ப ஒட்டினீங்க?"

"வியாழன்."

"பன்னெண்டாம் தேதியா?"

"வியாழன்."

"வெள்ளிக்கிழமை கடை உண்டா?"

"ஜும்ஆ. அன்னிக்குப் பூட்டுதான்."

"சனிக்கிழமை என்ன வேலை பார்த்தீங்க?"

உப்புத்தாள் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. "தேச்சேன்."

"எதை?"

"கெடச்சதை."

சுவரில் பெயிண்ட் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் தொங்கியது. பத்தொன்பது, வியாழன். கீழே கிழித்த தாள்கள் போடும் அட்டைப் பெட்டி. ஜயலக்ஷ்மி அதை நகத்தால் கிளறிப் பார்த்தார். கிங்ஸ்டன் அதற்குள் வெளியே போய் வேலிக் கதவில் இருந்த பலகையை வாசித்துவிட்டு வந்தான்.

"மேடம், இந்த இடமே ஹரி சாரோடதாம்லா. பலகையில அவுக அப்பா பேரு போட்டிருக்கு."

"அப்படியா பாய்?"

"அவுக அப்பா வாயால குடுத்த இடம்," என்றார் மீரான். "இருபத்தாறு வருசமாச்சு. காகிதம் கெடையாது."

ஜயலக்ஷ்மிக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. ஷெட் போய்விடும் என்ற பயத்தில் ஒரு ஆள் வியாழன் என்ற ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறான். பயந்தவர்கள்மேல் அவருக்கு எப்போதுமே மரியாதை கிடையாது. பயத்தை மௌனம் என்று காட்டுகிறவர்கள்மேல் கொஞ்சமும் கிடையாது.

"ஒரு பையனோட பிழைப்பு இன்னிக்கு அஞ்சு மணிக்குப் போகப்போறது. தெரியுமோ?"

மீரான் கதவைத் திருப்பிப் போட்டார். "தேதி என்கிட்ட இல்லம்மா. மட்கார்டுக்குள்ள இருக்கு. போய் குனிஞ்சு பாருங்க. போட்டோவுல பாக்காதிய."

"திமிரைப் பார்த்தியா," என்றார் ஜயலக்ஷ்மி, ஸ்கூட்டரில் ஏறும்போது.

"எனக்கு என்னவோ அது வழி சொன்ன மாதிரித்தான் கேட்டுச்சு மேடம்."

"உன் காது உன் வாய்க்குப் பக்கத்துல இருக்கு. வேற எதுவும் கேக்காது. வண்டியை எடு."

*

ஹரிநாராயணன் பதினான்கு வருடம் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, மண்ணோடு வாழவேண்டும் என்ற ஆசையில் திரும்பி வந்தவர். அந்த ஆசைக்காகப் பதினெட்டு மண் குடிசைகள் கட்டியிருந்தார். உள்ளே ஏசி. சென்னையிலிருந்து வரும் விருந்தாளிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சூரியனைக் காட்டப் போவார். சூரியன் சென்னையிலும் வருகிறது என்ற தகவலை அவர்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. மழை இல்லாத நாளில் ஜீப் சுத்தமாகத் தெரியக் கூடாது என்று அதற்குச் சேறு பூச ஒரு ஆள் சம்பளத்தில் இருந்தான்.

"வாங்கோ, வாங்கோ. நீங்க கல்லிடைக்குறிச்சியாமே மாமி?" என்றார் கையைக் கூப்பி.

"மேடம்னே கூப்பிடுங்கோ. உறவு வேண்டாம்."

அவர் முகம் மாறவில்லை. "வண்டியைத் தாராளமா பாருங்கோ மேடம். பழைய வண்டியோல்லியோ, மட்கார்டுல விரிசல். போன வியாழக்கிழமை பாய்கிட்டக் குடுத்து ஒட்டினேன். அவர் தேதியே உள்ளே இருக்கு. அந்த டிரைவர் பையனை நெனச்சா எனக்கே கஷ்டமா இருக்கு."

"கஷ்டப்படாதீங்கோ. கிங்ஸ்டன், படு."

கிங்ஸ்டன் சட்டை அழுக்காகாமல் ஒரு துண்டை விரித்துக்கொண்டு முன்சக்கரத்தடியில் மல்லாந்து நுழைந்தான். செல்போன் டார்ச்சை மேலே அடித்தான். ஒட்டு நல்ல ஒட்டு. மேட் நார் ஒன்றுகூடத் துருத்தவில்லை. ரெசின் தேன் நிறத்தில் வழவழவென்று இருந்தது. அதற்குள் ஒரு காலண்டர் தாள்.

"பன்னெண்டு, வியாழன். இருக்கு மேடம். கொட்டை எழுத்துல இருக்கு."

ஹரிநாராயணன் ஜயலக்ஷ்மியைப் பார்த்து அடக்கமாகப் புன்னகைத்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் அப்பா அப்படிப் புன்னகைப்பார்.

"வெளியே வா," என்றார் ஜயலக்ஷ்மி. குரலில் உப்பு இல்லை.

"இருங்க மேடம். கீழே ராசிபலன் போட்டிருக்கு. படுத்ததுதான் படுத்தேன், என் ராசியைப் பார்த்துட்டு வந்திருதேன்." டார்ச் வெளிச்சம் தாளின் கீழ்ப்பக்கத்துக்கு நகர்ந்தது. "என்னவே இது. துலாம், வெற்றின்னு போட்டிருக்கு. அந்த எழுத்துக்கு உள்ளேயே வீண் செலவுன்னும் மங்கலா போட்டிருக்கு. ஒரே நாளு ஒரே ராசிக்கு எது மேடம் நடக்கும்?"

"உனக்கு ரெண்டாவது."

"ராகு காலமும் ரெண்டு வச்சிருக்கான் மேடம். மேல ஒண்ணரை டு மூணு. அதுக்கு அடியில பத்தரை டு பன்னெண்டு. இந்தக் காலண்டரைப் பார்த்து ஒருத்தன் வெளிய கிளம்புனான்னா சாயங்காலம்தான் வீட்டைத் தாண்டுவான்."

ஜயலக்ஷ்மி அசையாமல் நின்றார்.

ராகு காலத்தை அவர் மதித்ததில்லை. ஆனால் ஏழு நாள் ராகு காலமும் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். பொய்யான விபத்துகள் ஒருபோதும் ராகு காலத்தில் நடப்பதில்லை என்பதை அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே கண்டுபிடித்திருந்தார். ஜோடித்து எழுதுகிறவன் கை, நல்ல நேரத்தைத்தான் தேடிப் போகும். வியாழனுக்கு ஒன்றரை முதல் மூன்று. பத்தரை முதல் பன்னிரண்டு யாருக்கு என்பதும் தெரியும்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அறுபத்திரண்டு வயதில், அவர் தரையில் உட்கார்ந்து, பிறகு கையை ஊன்றி மட்கார்டுக்கு அடியில் தலையை நீட்டினார். பார்த்தார். எழுந்தார்.

"ரெசின்ல ஊறின காகிதம் கண்ணாடியாயிடும்," என்றார் ஹரிநாராயணனிடம். "மேல் தாளுக்குள்ளே கீழ் தாள் தெரியறது. ரெண்டு தாள் இருக்கு சார். வியாழனுக்குப் பின்னாலே வெள்ளி. பதிமூணாம் தேதி."

புன்னகை முகத்திலேயே நின்றது. ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

"ரெண்டு தாள் ஒட்டிண்டு வந்திருக்கும். பாய் கவனிச்சிருக்க மாட்டார்."

"வியாழக்கிழமை அன்னிக்கே வெள்ளிக்கிழமைத் தாளையும் சேர்த்துக் கிழிச்சாரா? அப்ப அவர் காலண்டர் அன்னிக்கே சனிக்கிழமை காட்டியிருக்கும். தேதி வச்சுப் பிழைக்கற மனுஷன் அவர்."

கிங்ஸ்டன் துண்டை உதறினான். "நாளைக்கு வரப்போற நாளை இன்னிக்கே ஒருத்தன் கிழிச்சுட்டாமுன்னா, அவனுக்கு முதல்ல கோயில்தான் மேடம் கட்டணும்."

"வேணும்னா அவரையே கேளுங்கோ," என்றார் ஹரிநாராயணன். குரலில் இப்போது ஒரு தைரியம் வந்திருந்தது. "வியாழன்னுதான் சொல்லுவார். நிச்சயமா சொல்லுவார்."

*

மணி நாலரைக்கு அந்த ஜீப்பைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தஸ்லிமா அவர் கையில் இருந்த பேப்பர் கட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிங்ஸ்டனின் ஸ்கூட்டரில் வந்து இறங்கிய மீரான், வேட்டியைத் தட்டி விட்டுக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். ஹரிநாராயணன் அவருக்கு எதிரே, கைகட்டி.

"மேடம், நீங்க சொல்லுதது புரியுது," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா ஒட்டுனவரு வியாழங்காரு. ராகு காலம் ரெண்டு இருக்குன்னு நான் கோர்ட்டுல எப்படி எழுதுறது? ஆளு வாயால ஒரு வார்த்தை வேணும்லா."

"வரும்," என்றார் ஜயலக்ஷ்மி. இந்த இடம் அவருக்குப் பிடித்த இடம். எல்லோரையும் நிற்க வைத்து விளக்கும் இடம். "வெள்ளிக்கிழமை பாய் கடை பூட்டியிருந்தது. அன்னிக்குக் காலண்டரைத் தொட ஆள் இல்லை. சனிக்கிழமை காலைல வந்து வியாழனையும் வெள்ளியையும் சேர்த்து ஒரே இழுப்பா கிழிச்சிருக்கார். பசை விடாம ரெண்டும் ஒட்டிண்டே பெட்டியில விழுந்திருக்கு. அப்ப இவர் உடைஞ்ச ஜீப்போட வந்து, வியாழன் தேதியை வைன்னு பெட்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்திருக்கார். அந்தத் தாள் முதுகுல இன்னொரு தாள் ஒட்டிண்டிருக்குன்னு இவரும் பார்க்கலை. பாயும் பார்க்கலை. கண்ணு மங்கின வயசு, அவசரம். அந்தக் கவனக்குறைவுதான் இன்னிக்கு உண்மையைச் சொல்லியிருக்கு."

மீரான் முழுதும் கேட்டார். இடையில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.

"அவுக ஒத்தைத் தாள்தான் எடுத்துக் குடுத்தாவ," என்றார்.

"என்ன?"

"ஒத்தைத் தாளு. வியாழன். கிட்டவே நின்னாவ, அத ஒட்டுதேனான்னு பாக்க. அந்நேரம் அவுகளுக்குப் போன் வந்துச்சு, அந்தப் பக்கம் திரும்புனாவ. பெட்டியிலருந்து அடுத்ததை நான்தான் எடுத்து அடியில வச்சேன்." அவர் மட்கார்டை விரலால் ஒருமுறை தட்டினார். "நாப்பது வருசமா இதே தொழிலு. கையில இருக்கது ஒரு காகிதமா ரெண்டு காகிதமான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளாம்மா?"

ஜயலக்ஷ்மி இடுப்பில் செருகியிருந்த புடவைத் தலைப்பை உருவி விட்டுக்கொண்டார். கிங்ஸ்டன் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் முதல்முறையாகச் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தான்.

"மில்லுக்காரரை அடிச்ச சேதி ஊருக்கே தெரியும்," என்றார் மீரான். "சனிக்கிழமை ஜீப்பு வருது, மட்கார்டுல உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கேக்காமலே விளங்கிச்சு. இடம் அவுகளோடது, வாயைத் தொறக்க முடியல. வெள்ளித் தாளை வச்சேன். ரெசின் பைய ஊறும். ரெண்டு நாளு கழிச்சு அடியில உள்ளது மேல வரும். போலீஸ் வரும், குனியும், பாக்கும்னு இருந்தேன்." இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். "யாரும் குனியல. செவ்வாக்கிழமை ஒரு ஏட்டு வந்தாரு. யானைத் தலைகூட நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாரு."

இன்ஸ்பெக்டர் பேப்பர் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பாய், யோசிச்சுப் பேசுங்கோ," என்றார் ஹரிநாராயணன் மெதுவாக. "அப்பா உங்களுக்கு எவ்வளவு செஞ்சார்."

மீரான் தன் கெட்டிக்காரத்தனத்தை ஒருவராவது மெச்சுவார்களா என்று பார்த்தவர்போல் வரிசையாக முகங்களைப் பார்த்தார். கடைசியில் தஸ்லிமாவிடம் வந்து நின்றார்.

"நல்லா வச்சீங்க மாமா," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஆறு நாளா எங்கண்ணன் அந்தப் பெஞ்சுல இருக்கான். காலையில ஏழு மணிக்கு வந்து உக்காருதான், பலாப்பழம் பலாப்பழம்னு கேலி பண்ணுதாவ. உம்மாவுக்கு ஆறு நாளா சோறு இறங்கல. நீங்க வெள்ளிக்கிழமையை ஒட்டி உள்ள வச்சுட்டு, எவனாவது குனிவானான்னு பாத்துக்கிட்டு, குளியலறைக் கதவைத் தேச்சுக்கிட்டு இருந்திருக்கிய. இந்த மேடம் வரலன்னா?"

மீரானின் பார்வை ஜீப்பின் சக்கரத்துக்கு இறங்கியது.

"இந்த அண்ணன் அவரு ராசிபலனைப் பாக்கலன்னா?"

ஜயலக்ஷ்மிக்கு அது தன்னையும் சேர்த்துக் கேட்ட கேள்வி என்று தெரிந்தது. மத்தியானத்திலிருந்து இன்ஸ்பெக்டர், ஷமீமின் ஒட்டு, மீரானின் மௌனம், மண் குடிசை என்று ஒவ்வொன்றாக இளக்காரமாகத் தள்ளிக்கொண்டே வந்தவர். குனிஞ்சு பாருங்க என்று ஒரு மனிதர் பளிச்சென்று சொன்னதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டவரும் அவர்தான். கிங்ஸ்டனை வெளியே வா என்று கூப்பிட்டதும் அவர்தான்.

"நாலே முக்கால்," என்றான் கிங்ஸ்டன், யாரையும் பார்க்காமல்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "பாய், நீங்க இப்ப சொன்னதை நான் கேட்டுக்கிட்டேன். ஆனா எழுதணும்னா நீங்க ஸ்டேட்மென்ட்டா சொல்லணும். கையெழுத்துப் போடணும். என்னைக்கு வேலை பார்த்தீங்க, யாரு வண்டியைக் கொண்டாந்தா, என்ன சொன்னா. அதுக்கப்புறம் அந்த ஷெட்டு விஷயத்துல என்னால ஒண்ணும் பண்ண முடியாது. முன்னாலயே சொல்லிட்டேன்."

ஹரிநாராயணன் மீரானைப் பார்த்தார். கெஞ்சலும் மிரட்டலும் பாதிப் பாதியாக இருந்த பார்வை. தோட்டத்துக்கு அப்பால் யாரோ விருந்தாளி ஊஞ்சலில் ஆடும் கிறீச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மீரான் தாடியில் படிந்திருந்த பைபர் தூளைப் புறங்கையால் துடைத்தார். ஜீப்பின் பானெட்டைக் காட்டினார்.

"பேப்பரை இங்கன வைங்க சார். எழுதிக்கிடுங்க. அகமது மீரான், வயசு அறுபத்திமூணு." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "சனிக்கிழமை. காலையில ஒம்போதே காலு. ஹரி சாரே ஓட்டிக்கிட்டு வந்தாவ."